கிறுக்குங்கள், வரைய வேண்டாம்

மனதைத் தளர்த்த தினமும் பத்து நிமிடம் டூடுலிங் (தாளில் கோடும் புள்ளியுமாகக் கிறுக்குவது) செய்யச் சொன்னால், "எனக்குப் படம் வரைய வராதே!" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் பதில். வராததில் நட்டமில்லை. 2016-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் விருப்பம்போல் கலை வேலையில் ஈடுபடுத்தினார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் குறைந்தது. முன்பயிற்சி இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசத்தைத் தரவில்லை. ஒப்பிட வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. அதனால் பலன் முழுவதையும் கலையின் கணக்கில் எழுதிவிட முடியாது. வரையத் தெரியாதது தடையல்ல என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உண்மையில், வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் இது கடினம். கை எதையாவது உருவமாக்கப் பார்க்கும்; கண் உடனே அதற்கு மதிப்பெண் போடும். அதோடு ஓய்வு போய்விடும்.

அஞ்சலட்டை அளவுத் தாள் போதும். ஏ4 தாளைப் பத்து நிமிடத்தில் நிரப்ப முடியாது. பாதியில் நிற்கும் வேலையாக அது உறுத்தும். 0.5 முதல் 0.8 மி.மீ. வரையிலான கறுப்பு ஜெல் பேனா நன்றாக வழுக்கும், அழுத்தத் தேவையில்லை. பென்சில் வேண்டாம், கை ரப்பரைத் தேடும். வண்ணங்களும் வேண்டாம், அடுத்து எந்த நிறம் என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க நேரும்.

வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு "மனம்போல் கிறுக்கு" என்றால் பலருக்குப் பதற்றம் குறைவதில்லை. நான்சி கரி, டிம் கேசர் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு வண்ணம் தீட்டுதல் பற்றியது. ஆனால் இங்கும் அது பொருந்தும்: மண்டலா எனப்படும் வட்டக் கோல வடிவத்துக்கோ கட்டங்களுக்கோ வண்ணம் தீட்டியவர்களின் பதற்றம் குறைந்தது, வெற்றுத்தாளில் இஷ்டப்படி தீட்டியவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. ஆகவே முதலில் ஒரு சட்டகம் வேண்டும்.

தாளின் ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளி, ஸ்கேல் இல்லாமல் ஒரு கட்டம் போடுங்கள். அதற்குள் பேனாவை எடுக்காமல், தன்னைத் தானே வெட்டிச் செல்லும் சுழிக்கோட்டை அரை நிமிடம் ஓட விடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு அறைகள் கிடைக்கும். ஒவ்வோர் அறையையும் ஒரே வகைக் குறியால் நிரப்புங்கள்: இணைகோடுகள், புள்ளிகள், சிறு வட்டங்கள், மீன்செதில் வளைவுகள். நீளக் கோடுகளை மூச்சை வெளியே விடும்போது இழுங்கள். மூச்சு உள்ளே போகும்போது பேனா மேலே இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு வைத்த அலாரம் அடித்ததும், அறைகள் மிச்சமிருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நிமிடங்கள் கை வேகமாக ஓடும். கோடுகள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டும். அப்போது இடைவெளியை அகலமாக்கினால் வேகம் தானாகக் குறையும். விரல்நுனி வெளுத்தால் பிடி இறுகியிருக்கிறது. முனையிலிருந்து மூன்று செ.மீ. மேலே பிடியுங்கள்.

அதிகம் கவலைப்பட வேண்டியது, ஒரே இடத்தைத் தாள் கிழியும் அளவுக்கு மேலும் மேலும் கறுப்பாக்குவதைப் பற்றித்தான். கோபத்தை இறக்கி வைப்பதுபோல் தோன்றினாலும், பெரும்பாலும் அதே நினைப்புதான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும். உடனே எண்ணிப் போடும் குறிக்கு மாறுங்கள்: மூன்று புள்ளி, ஒரு கோடு, மறுபடி மூன்று புள்ளி. எண்ணும் வேலை மனதின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், கவலையைத் திரும்பத் திரும்ப ஓட்ட இடம் குறையும். எழுத்துகளையும் பெயர்களையும் கிறுக்க வேண்டாம், கண் அவற்றைப் படித்துவிடும். படித்ததும் கதை தொடங்கிவிடும்.

படமெடுத்துப் பகிர வேண்டாம். மறுநாள் பார்ப்பவர்களுக்காக வரையத் தொடங்கிவிடுவீர்கள். கிறுக்கலை வைத்துக் குணத்தைக் கணிப்பவர்களையும் நம்ப வேண்டாம்; அதற்கு உறுதியான அறிவியல் ஆதாரம் கிடையாது.

இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனச்சோர்வோ தூக்கமின்மையோ நீடித்தால், எதிலும் நாட்டமில்லாமல் போனால், இந்தப் பயிற்சியை மட்டும் நம்பியிருக்காமல் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே உதவி தேடுங்கள்.