‘பயோபிக்’கைத் தமிழில் எப்படிச் சொல்வது?

உண்மையில் வாழ்ந்த ஒருவரின் கதையை, அவருடைய சொந்தப் பெயரிலேயே, நடிகர்களை வைத்து எடுத்த படம்தான் பயோபிக். சொந்தப் பெயர் என்பது முக்கியம். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டு, ‘பாத்திரங்கள் யாவும் கற்பனையே’ என்று தொடக்கத்தில் ஓர் அறிவிப்பும் போட்டுவிட்டால், யாருடைய கதை என்று அரங்கில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தாலும் அது இந்தக் கணக்கில் வராது. பழைய பேச்சுகளையும் பேட்டிகளையும் கோத்து எடுத்தால் அது ஆவணப்படம், அதுவும் வேறு.

‘பயோகிராஃபிக்கல் பிக்சர்’ என்ற நீண்ட தொடரை நறுக்கி ஒட்டவைத்த சொல் இது. இப்படி நறுக்குவது அமெரிக்கத் திரைத்தொழில் பத்திரிகைகளுக்குக் கைவந்த கலை. ‘பிக்சர்ஸ்’ஸை ‘பிக்ஸ்’ என்று சுருக்கி ‘வெரைட்டி’ இதழ் 1935ல் போட்ட தலைப்பு ஒன்று இன்றும் பேசப்படுகிறது. பயோபிக் என்ற சொல் இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. படங்கள் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலியைப் பற்றி 1929ல் வந்த படத்தில் நடித்த ஜார்ஜ் ஆர்லிஸ் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதே வாங்கிவிட்டார். உச்சரிப்பில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. ஆங்கிலம் பேசுகிறவர்களில் சிலர் கிட்டப்பார்வையைக் குறிக்கும் ‘மயாப்பிக்’ என்பதன் சாயலில் ‘பயாப்பிக்’ என்பார்கள். பயோ, பிக் என்று பிரித்துச் சொல்வதே சரி.

‘பயோ’ கிரேக்கத்து ‘பியோஸ்’. வாழ்க்கை என்று பொருள். ‘கிராஃபி’ என்பது எழுதுதல். ‘பிக்சர்’ இலத்தீனில் வண்ணம் தீட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. நறுக்கியபோது கீழே விழுந்தது எது என்று பாருங்கள்: எழுத்து போய்விட்டது. மிஞ்சியிருப்பது வாழ்க்கையும் தீட்டிய படமும். வரலாறு என்ற பொருள் அந்தச் சொல்லில் எங்கும் இல்லை.

நாம்தான் அதைச் சேர்த்துக்கொண்டோம். பத்திரிகைகளில் அதிகம் வருவது ‘வாழ்க்கை வரலாற்றுப் படம்’. வரலாறு என்பது வரல் + ஆறு, அதாவது வந்த வழி. ஆற்றுப்படையில் இருக்கிற அதே ஆறு. ஒருவர் வந்த வழியைக் காட்டும் படம் என்று எடுத்துக்கொண்டால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று வரலாறு என்றதும் நமக்குத் தோன்றுவது ஆவணம், ஆண்டு, சான்று. படம் எடுத்தவர் தராத ஒரு உத்தரவாதத்தை அவர் சார்பில் நாம் கொடுத்துவிடுகிறோம்.

சரிதம், சரித்திரம் என்று போகலாமா? இரண்டும் வடமொழியில் நடத்தல், ஒழுகுதல் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தவை. உ.வே.சாமிநாதையர் 1940ல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கிய தன்வரலாற்றுக்கு ‘என் சரித்திரம்’ என்றுதான் பெயர். செல்லம்மாள் பாரதி கணவரைப் பற்றிச் சொன்னதும் ‘பாரதியார் சரித்திரம்’. அன்றைக்குச் சரித்திரம் என்பது ஒருவரின் வாழ்க்கைக்கும் பொருந்தியது. இன்று ‘சரித்திரப் படம்’ என்றால் வாளும் குதிரையும்தான் கண்முன் வரும். சரிதம் என்றாலோ அடியார்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஒரு அரசியல்வாதியின் படத்துக்கு அதை வைத்தால் கைகூப்பிக்கொண்டு பார்க்கச் சொல்வது போலாகிவிடும். (சில படங்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும் என்பது வேறு விஷயம்.)

என் தேர்வு ‘வாழ்க்கைப்படம்’. ஆவணப்படம், குறும்படம் என்ற வரிசையில் உறுத்தாமல் உட்கார்ந்துகொள்கிறது. படம் என்ற சொல்லுக்குத் துணி என்றும் பழைய பொருள் உண்டு. யானையின் முகத்தில் போர்த்தும் துணியைக் குறள் ‘கட்படாம்’ என்கிறது. துணி, துணியில் தீட்டிய ஓவியம், பிறகு திரையில் ஓடும் காட்சி என்று அந்தச் சொல் நகர்ந்திருக்கிறது. முக்கியமாக, இது தீட்டியது என்பதை ‘வாழ்க்கைப்படம்’ மறைக்கவில்லை.

விளையாட்டு வீரரைப் பற்றிய படமென்றால் இத்தனை நுணுக்கம் தேவைப்படாது. அரசியலில் தேவைப்படுகிறது. ஸ்பீல்பெர்க்கின் ‘லிங்கன்’ 2012ல் வந்தது. அடிமை முறையை ஒழிக்கும் 13வது அரசியல் சட்டத் திருத்தத்தின் மீது 1865 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்புதான் அதன் உச்சம். அதில் கனெக்டிகட் மாநிலப் பிரதிநிதிகள் இருவர் எதிர்த்து வாக்களிப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். உண்மையில் அம்மாநிலத்தின் நால்வருமே ஆதரித்தவர்கள். அந்த மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ கோர்ட்னி 2013ல் இயக்குநருக்குக் கடிதம் எழுதி, டிவிடி வருவதற்குள் திருத்தும்படி கேட்டார். மாற்றியது உண்மைதான், நாடகத்துக்காக மாற்றினோம் என்று திரைக்கதை எழுதிய டோனி குஷ்னர் பதில் சொன்னார். திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்த படத்தை விட்டுவிட்டு வட்டைப் பற்றிக் கோர்ட்னி கவலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அரங்கிலிருந்து படம் போய்விடும். வட்டு அலமாரியில் இருக்கும், பள்ளிக்கூடத்திலும் போடுவார்கள்.

வட்டில் பார்ப்பதால் இவ்வகைப் படங்களுக்குக் கிடைக்கும் லாபம் பெரிது. அமெரிக்க அதிபர் நிக்சனைப் பற்றி ஆலிவர் ஸ்டோன் எடுத்த ‘நிக்சன்’ 1995ல் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. அரங்கத்துக்காக வெட்டியவற்றில், உளவு அமைப்பான சிஐஏவின் தலைவராக சாம் வாட்டர்ஸ்டன் வரும் பகுதியும் சேர்த்து இருபது நிமிடத்துக்கு மேல் இயக்குநரின் பதிப்பாக வட்டில் திரும்பி வந்தது. நிகழ்ச்சிகள் சுருக்கப்பட்டவை, சில காட்சிகள் ஊகம் என்று அந்தப் படமே தொடக்கத்தில் அறிவிக்கிறது. அரங்கில் சட்டென்று மறையும் அந்த வரிகளை வீட்டில் நிறுத்திப் படிக்கலாம். பேச்சும் பேரமும் நிறைந்த காட்சிகள் சின்னத் திரையில் பெரிதாக எதையும் இழப்பதில்லை. பத்து அமைச்சர்களின் பெயர் குழம்பினால் பின்னால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், வசன வரிகளும் உதவும்.

இழப்பது கூட்டத்தை. ‘காந்தி’யின் (1982) இறுதி ஊர்வலத்துக்கு ஏறக்குறைய 3 லட்சம் பேர் திரண்டார்கள், வீட்டுத் தொலைக்காட்சியில் அது புள்ளிகளாகிவிடுகிறது. புளூ ரே வட்டின் கூர்மை ஒப்பனையையும் விடாது. இளைஞரை முதியவராக்கிய தாடையின் ஓரம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அப்புறம் தலைவரைப் பார்ப்பது கஷ்டம்.

சரி, படங்கள் இப்படி வீட்டில் பார்ப்பதற்காக வெளிவருவதை ஆங்கிலத்தில் ‘ஹோம் வீடியோ’ என்கிறார்கள், அதைத் தமிழில் என்ன சொல்வது? ‘வீட்டுக் காணொளி’ என்றால் குடும்பத்தார் எடுத்த கல்யாண வீடியோ ஆகிவிடும். ‘வட்டு வெளியீடு’ நல்ல சொல். இலங்கைத் தமிழர் குறுந்தகட்டை இறுவட்டு என்றே சொல்கிறார்கள். ஆனால் 1976ல் விஎச்எஸ் வீடியோ நாடா வந்த காலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் ‘வீட்டுத்திரை வெளியீடு’ பொருந்தும்.

இன்னொரு நுணுக்கம். ‘பொலிட்டிகல் பயோபிக்’கை ‘அரசியல்வாதியின் வாழ்க்கைப்படம்’ என்று எழுதலாம். ‘அரசியல் வாழ்க்கைப்படம்’ என்றால் அவருடைய அரசியல் வாழ்க்கையை மட்டும் சொல்லும் படம் என்றாகும். கடைசிச் சில மாதங்களோடு நின்றுகொள்ளும் ‘லிங்கன்’ போன்றவற்றுக்கு இந்த இரண்டாவதே சரி. இதெல்லாம் வேண்டாம், பயோபிக் என்றே எழுதுவேன் என்றாலும் தவறில்லை. ‘பயோபிக் படம்’ என்று மட்டும் வேண்டாம். அதில் படம் இரண்டு முறை ஓடுகிறது.