தரவு உந்துமா?

பாலக்கோட்டில் தக்காளி உழவர்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் தந்த தாளின் தலைப்பு: ‘தரவு உந்து முடிவெடுத்தல்’. ‘Data-driven decision making’ என்பதன் தமிழாக்கம். பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார்: “இது என்ன தம்பி, தள்ளுவண்டியா?”

‘தரவு’ நல்ல சொல். ‘தா’ என்னும் வினையிலிருந்து வந்தது. ‘டேட்டா’ என்னும் ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கும் ‘தரப்பட்டது’ என்றே பொருள். கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் இதே பெயர். அதை விடுவோம்.

வழக்கு ‘உந்து’வோடுதான். சென்ற முறை தக்காளி நல்ல விலைக்குப் போனது என்பது ஒரு தரவு. அது உந்தித்தான் ஊரே தக்காளி நடுகிறது. மூன்று மாதத்தில் வரத்து குவிந்து, பறிப்புக் கூலிக்கும் கட்டாமல் செடியிலேயே விடுகிறார்கள். தரவு உந்தினால் இதுதான் நடக்கும். நாற்றுப் பண்ணையில் எவ்வளவு நாற்று விற்றிருக்கிறது, ராயக்கோட்டைச் சந்தைக்கு வரத்து எப்படி, கிணற்றுத் தண்ணீர் எத்தனை நாள் தாங்கும் என்று விசாரித்து நடுகிறவரை எதுவும் உந்தவில்லை. அவர்தான் தரவைப் புரட்டிப் பார்க்கிறார். அந்த வகுப்பும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தது: தக்காளி, கத்தரி, சாமந்தி என்று எழுதி, விலை, தண்ணீர், கூலி ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியமோ அதற்கேற்ப மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்ப்பது. பாடம் சரி, பெயர்தான் பாடத்துக்கே எதிராக நிற்கிறது.

‘தரவு சார்ந்த’ என்பார்கள் சிலர். இன்றைய மொழிபெயர்ப்பில் எல்லாமே எதையாவது சார்ந்துதான் கிடக்கிறது: கல்வி சார்ந்த, நலம் சார்ந்த, வேளாண்மை சார்ந்த. சொந்தக் காலில் நிற்கும் சொல் ஒன்றையும் காணோம். ‘முடிவெடுத்தல்’ மட்டும் என்ன? எடுப்பதற்கு முடிவு பரணிலா இருக்கிறது? முடிவு செய்தல் போதாதா?

குறளின் 47ஆவது அதிகாரம் ‘தெரிந்து செயல்வகை’. அங்கே தெரிதல் என்றால் ஆராய்தல். 671ஆம் குறளோ ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்கிறது. சூழ்ச்சி என்பது கலந்து ஆராய்வது. துணிவு என்பது நாம் இன்று முடிவு என்று சொல்வது. இந்தப் பழைய சொற்களை மீட்டெடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இயக்குநர்கள் கூடிச் சூழ்ச்சி செய்தார்கள் என்று நிறுவன அறிக்கையில் எழுதினால் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்துவிடும். ‘தெரிந்து’ என்பதும் இன்று வெறும் அறிதலாகச் சுருங்கிவிட்டது. ஆகவே ‘தரவு ஆய்ந்து முடிவு செய்தல்’ என்பேன்.

பெரியவரிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“பார்த்துச் செய்யச் சொல்கிறார்கள், அவ்வளவுதானே?”