ஹைஃபை: ஒரு சொல்லின் அசல் பொருள்

"அவங்க எல்லாம் ஹைஃபை ஆளுங்க" என்று யாராவது சொன்னால் வசதியும் பகட்டும்தான் நம் மனசில் வரும். ஹைஃபை வீடு, ஹைஃபை ஸ்கூல், ஹைஃபை சாப்பாடு. அட்டனிலோ பதுளையிலோ போன் கடைக்குப் போய் "ஹைஃபை சவுண்ட்" என்று பெட்டியில் போட்ட ஹேன்ஸ்ப்ரீயைக் கேட்டு வாங்குகிறவரும், விலை கூடியது, பேஸ் (பாட்டின் கனத்த கீழ் ஒலி) அதிரும் என்ற நினைப்பில்தான் பெரும்பாலும் வாங்குகிறார். சொல்லின் அசல் பொருளில் விலையும் கிடையாது, அதிர்வும் கிடையாது.

'ஹை ஃபிடெலிட்டி' என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கமே ஹைஃபை. ஃபிடெலிட்டியின் வேர் லத்தீன். அந்த மொழியில் 'ஃபிடெஸ்' என்றால் நம்பிக்கை. அதிலிருந்து வந்த 'ஃபிடெலிஸ்' நம்பத்தகுந்தவரை, வாக்கு மாறாதவரைக் குறிக்கும். கணவன் மனைவிக்கிடையிலும், அரசனுக்கும் வீரனுக்கும் இடையிலும் இருக்கும் மாறாத பற்றுக்கு வழங்கிய சொல், ஒலிப்பதிவும் வானொலியும் வந்த பிறகு இயந்திரத்துக்கும் வழங்கலாயிற்று. மைக்குக்கு முன்னால் பாடியவர் எதைப் பாடினாரோ, அதைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பித் தருகிற கருவி மூலத்துக்கு விசுவாசமானது என்பது கருத்து. 1948இல் எல்.பி. என்ற, நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு வந்தது. அடுத்த பத்தாண்டில் மேற்கு நாடுகளில் வீட்டுக்கு நல்ல ஒலிக்கருவி வாங்கும் ஆசை பரவியபோது ஹைஃபை ஒரு விளம்பரச் சொல்லாகிவிட்டது. அப்படிப்பட்ட கருவி வசதியானவர்களின் வீட்டில்தான் இருந்தது. நம் பேச்சில் 'பகட்டு' என்ற பொருள் ஏறியது அந்த வழியாகத்தான் என்று நினைக்கிறேன்.

வைஃபை இதன் சகோதரன் என்று நினைப்பவர்கள் உண்டு. ஓசையில் மட்டும்தான் உறவு. 1999இல் ஹைஃபையின் ஒலியை ஒட்டி உருவாக்கிய வணிகப் பெயர் அது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'துல்லிய ஒலி' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு நிறைவு இல்லை. பாட்டின் மேல் சுருதிகளைச் செயற்கையாகத் தூக்கிக் காட்டும் இயர்போனைக் காதில் வைத்தாலும் "துல்லியமாகக் கேட்குது" என்றுதான் சொல்வோம். பாடியவரின் குரலிலோ அந்தக் கூர்மை இருந்திருக்காது. 'விசுவாச ஒலி' வேர்ப்பொருளுக்குச் சரியாக வரும், ஆனால் காதுக்கு ஒட்டவில்லை. 'மெய்யொலி' அழகான சொல். சிக்கல் என்னவென்றால், இலக்கணம் படித்தவருக்கு அது க், ங், ச் என்ற மெய்யெழுத்துகளின் ஒலி. எனவே எழுத்தில் 'உயர் மெய்மை ஒலி' என்பதே பொருந்தும் என்பது என் முடிவு. மெய்மை என்ற சொல்லில் உண்மையும் இருக்கிறது, மூலத்தை விட்டு விலகாமையும் இருக்கிறது. பேச்சில் விளக்க வேண்டுமானால் இன்னும் எளிது: உள்ளதை உள்ளபடி தரும் ஒலி.

இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனால் தேர்வும் சுலபமாகும். மலையகத்துக் காமன் கூத்தில் அடிக்கும் தப்பு என்ற தோல் கருவியின் நல்ல பதிவு ஒன்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். தோலின் கனத்த முழக்கமும், மெல்லிய நீளக் குச்சி விழும் 'சடக்' ஓசையும் தனித்தனியே கேட்க வேண்டும். எல்லாம் சேர்ந்து 'தும் தும்' என்று மட்டும் வந்தால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அதில் மெய்மை குறைவு.

வீட்டில் மெய்யாக ஒலிக்கும் கருவி, பயணத்தில் அப்படியே ஒலிக்காது. நானுஓயாவிலிருந்து பதுளைக்குக் கோச்சியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எஞ்சினின் முழக்கம் பாட்டின் கீழ்ச் சுருதிகளை விழுங்கிவிடும். நாம் உடனே சத்தத்தைக் கூட்டுகிறோம், அங்கேதான் காதுக்குக் கேடு. வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. சத்தத்தைக் கூட்டுவதற்கு முன் இயர்பட்டின் ரப்பர் முனை காதை நன்றாக அடைக்கிறதா என்று பாருங்கள். சிறிது, நடுத்தரம், பெரிது என்று முனைகள் கூடவே வரும். பொருந்தாத முனையில் பேஸ் முழுக்க ஒழுகிப்போகும். இரைச்சல் நீக்கும் வசதி கோச்சியின் தொடர் முழக்கத்தை நன்றாகவே குறைக்கும், பக்கத்து ஆசனத்துப் பேச்சை அவ்வளவாகக் குறைக்காது. வழியில் சுரங்கத்துக்குள் நுழைந்தால் சிக்னலை நம்ப முடியாது, பாட்டுகளை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

புளூடூத் விஷயத்தில் இன்னொன்று. சி.டி.யின் தரவு விநாடிக்கு 1,411 கிலோபிட். புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் சோனியின் எல்டாக் (LDAC) முறைகூட அதிகபட்சம் 990 கிலோபிட்தான் அனுப்பும். அதற்குப் போனும் இயர்போனும் இரண்டும் ஒத்துழைக்க வேண்டும், ஐபோன் ஒத்துழைக்காது. முழு மெய்மை வேண்டுமென்றால் வயர்தான் இன்னும் நிச்சயமான வழி. ஓடும்போது இந்த வேறுபாடு காதில் படவே படாது என்பதால் உடற்பயிற்சிக்கு வயர் இல்லாததையே வாங்குங்கள்.

நுவரெலியா வாவிக்கரையில் ஓடுகிறவருக்கும், நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறுகிறவருக்கும் வியர்வையும் தூறலும் சேர்ந்தே வரும். பெட்டியில் நீர் தாங்கும் தரத்தைக் காட்டும் குறி ஐ.பி.எக்ஸ்.4 (IPX4) என்று இருந்தால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம். மலையக மழைக்கு முன்னது போதும், பெருமழையில் போனோடு சேர்த்துப் பைக்குள் வைப்பதே நல்லது. ஆனால் தோட்டத்து ரோட்டில், பஸ்ஸும் லொறியும் முடக்குத் திரும்பும் இடத்தில் ஓடுகிறீர்கள் என்றால், காதை அடைக்கும் எதுவும் வேண்டாம். காதுத் துளையைத் திறந்தே விடும் வகை இயர்போன்கள் கிடைக்கின்றன. பேஸ் குறைவாகத்தான் இருக்கும், மெய்மையும் கொஞ்சம் போகும். அந்த இடத்தில் பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்ன்தான் முதலில் கேட்க வேண்டும்.