‘கிரிட்டிக்கல் திங்கிங்’ விமர்சனம் அன்று

ஆங்கில வகுப்பறைகளில் வாழ்க்கைத் திறன்களைக் கற்பிப்பதற்கான கையேடுகள் ‘கிரிட்டிக்கல் திங்கிங்’ என்பதை ‘விமர்சன சிந்தனை’ என்றே திரும்பத் திரும்ப அச்சிட்டு வருகின்றன. ‘கிரிட்டிக்கல்’ என்பதன் வேரான ‘க்ரினெய்ன்’ என்ற கிரேக்க வினைக்குப் பிரித்தறிதல், தீர்மானித்தல் என்று பொருள். அதற்கும் அடியில் இருப்பது சலித்தெடுத்தல். குறைகூறல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

‘விமர்சனம்’ வடமொழியில் ஆராய்தலையே குறித்தது என்பதால் மூலச்சொல்லின்மீது குற்றமில்லை. ஆனால், இன்றைய தமிழில் ஒருவர் மற்றவரை விமர்சித்தார் என்றால், பாராட்டினார் என்று எவராவது புரிந்துகொள்வார்களா? உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் தொகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களுள் ‘கிரிட்டிக்கல் திங்கிங்’கும் ஒன்று. பிறர் துயரைத் தம் துயராக உணர்வதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. குறைகாண்பதற்கு அங்கே என்ன வேலை?

இந்தக் குழப்பம் ஏட்டளவில் நிற்பதில்லை. நான் பார்த்த ஒரு வகுப்பில், பத்தில் ஒன்பது பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பதாகக் கூறும் பற்பசை விளம்பரம் ஒன்றைக் கொடுத்து, ‘விமர்சியுங்கள்’ என்றார் ஆசிரியர். படம் மங்கல், வாசகம் சலிப்பு என்று மாணவர்கள் எழுதித் தள்ளினார்கள். எந்தப் பத்துப் பேர், கேட்டது யார் என்றோ, பற்கள் வெண்மையாகும் என்னாமல் ‘மே’ (may) என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டு ஆகக்கூடும் என்று நழுவியிருப்பது ஏன் என்றோ ஒருவரும் கேட்கவில்லை. ஆங்கிலப் பாடமும் சிந்தனைப் பயிற்சியும் ஒன்றுகூடும் இடமே அந்த ‘மே’தான்.

தனித்தமிழ் அன்பர்கள் முன்வைக்கும் ‘திறனாய்வுச் சிந்தனை’யும் எனக்கு உவப்பில்லை, திறனாய்வு என்றதும் மாணவர் மனம் தேர்வுக்கு ஓடிவிடுகிறது. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்று குறள் (118) ஆண்ட சொல் இன்றும் பேச்சில் இருக்க, புதுச்சொல் எதற்கு? ‘சீர்தூக்கிச் சிந்தித்தல்’ என்பதில் நிறையும் குறையும் ஒரே தராசில் ஏறுகின்றன.

நீளம் என்பார்கள். அகராதியின் முதல் பொருளை அப்படியே பெயர்த்து வைக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சுருக்கமே பெரிது. அவர்கள் கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ‘கிரிட்டிக்கல்’ ஆகக் கிடப்பவரும் ‘விமர்சன நிலை’யில் இருப்பவர்தாம். தலைப்புக்குச் சிறிய சொல் வேண்டுமென்றால் ‘சீர்தூக்கும் திறன்’ என்று எழுதிக்கொள்ளட்டும்.