பிள்ளையைத் தரையில் குப்புறப் போடுங்கள், பயம் வேண்டாம்

நாலு மாதம் ஆகப்போகிறது, இன்னும் தலை நிற்கவில்லை என்று பாம்பன், மண்டபம் பக்கமிருந்து கைக்குழந்தையோடு வருகிறவர்களிடம், பிசியோதெரபிஸ்ட்டாக நான் முதலில் கேட்பது, விழித்திருக்கிற நேரமெல்லாம் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதைத்தான். சேலைத் தொட்டில், இல்லையென்றால் யாராவது மடி. தரையே படாமல் வளர்கிற பிள்ளை! அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போகிற வீட்டில் தொட்டிலைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்த வளைந்த சேலைக்குள் கையை ஊன்றித் தலையைத் தூக்க வழியே இல்லை.

குப்புறப் போட்டால் பிள்ளை தலையைத் தூக்கப் பார்க்கும். அந்த முயற்சியில்தான் கழுத்து, தோள், முதுகு எல்லாம் வலுப்பெறும், நாலு மாத வாக்கில் முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கும், அப்புறம் உருளுவதும் தவழ்வதும் சுலபம். பின்மண்டை தட்டையாவதும் குறையும், தலை உருண்டையாக வர வெந்நீர் ஊற்றிப் பிடித்து அழுத்தத் தேவையில்லை.

"நெஞ்சு அமுங்காதா தம்பி, மூச்சு முட்டுமே?" என்பார்கள் அப்பத்தாக்கள். நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டுத்தானே முதுகுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்கள் என்று கேட்டால் சிரித்துவிடுவார்கள். ஆனாலும் அந்தப் பயத்தில் பாதி நியாயம். தூங்கும்போது குப்புறப் போடவே கூடாது, அது திடீர் சிசு மரணத்துக்கான ஆபத்தைக் கூட்டும். தூக்கம் மல்லாக்கத்தான். குப்புறப் போடுவது விழித்திருக்கும்போது, அதுவும் ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

பிறந்த சில நாளிலேயே அம்மாவின் நெஞ்சில் போட்டுத் தொடங்கலாம். பிறகு கீழே பாய் விரித்து, தடவைக்கு 3 முதல் 5 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை என்று தொடங்கி, பழகப் பழக நேரத்தைக் கூட்டுங்கள். தவழாத குழந்தைக்கு நாள் முழுக்கச் சேர்த்து 30 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். பால் குடித்த கையோடு வேண்டாம், கக்கிவிடும். மெத்தையும் வேண்டாம், மூக்கு புதையும். அழுதால் துண்டைச் சுருட்டி நெஞ்சுக்கடியில் வைத்து, நீங்களும் எதிரே குப்புறப் படுத்து முகம் காட்டுங்கள் (செல்போனை அல்ல!). அப்படியும் அழுதால் தூக்கிவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நாலு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, எப்போதும் ஒரே பக்கம் திரும்புகிறது, உடம்பு விறைப்பாகவோ தொளதொளவென்றோ இருக்கிறது என்றால், உரம் விழுந்திருக்கும் (சுளுக்கியிருக்கும்) என்று பாயில் போட்டு உருட்டாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதப் பிள்ளையாக இருந்தால் மாதக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள்.