நாயின் எச்சிலும் இரண்டு நாள் கெடுவும்

நமக்குப் பல் போவது பெரும்பாலும் சொத்தையால். நாய்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நாய்களுக்குச் சொத்தை வருவது குறைவு. அவற்றின் பற்களை ஆட வைப்பது ஈறுநோய். இந்த வித்தியாசத்துக்கு முக்கியமான காரணம் எச்சிலில் இருக்கிறது.

சொத்தை என்பது அமிலத்தின் வேலை. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடும், அது எனாமலைக் கரைக்கும். ஒன்று எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று சொல்வது பி.எச். அளவு; 7 என்றால் நடுநிலை, அதற்கு மேல் காரம். மனித எச்சிலின் பி.எச். 7-ஐ ஒட்டியது. நாயின் எச்சில் 8-ஐ ஒட்டி, காரத்தன்மையோடு இருப்பதால் அமிலம் சீக்கிரம் முறிந்துவிடுகிறது. அதுவரை நல்லதுதான். ஆனால் எச்சிலில் கரைந்திருக்கும் கால்சியம் உப்புகள் கார நிலையில் சுலபமாகப் படிந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு கட்டுமே, கிட்டத்தட்ட அதே கதைதான். சொத்தையிலிருந்து காப்பாற்றுகிற எச்சிலே பல்லில் காரை கட்டவும் வைக்கிறது.

நன்றாகத் தேய்த்த பல்லின் மேல் சில நிமிடங்களிலேயே எச்சிலின் புரதங்கள் ஒரு மெல்லிய சவ்வாக ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் பாக்டீரியாக்கள் குடியேறி, ஒரு நாளுக்குள் வழுவழுப்பான படலமாகிவிடும். இதைத்தான் பிளேக் என்கிறார்கள். இந்த நிலையில் பிரஷ்ஷால் ஒரு தேய் தேய்த்தால் போதும், வந்துவிடும். விட்டுவிட்டால் இரண்டு மூன்று நாட்களில் உப்பு ஏறி இறுக ஆரம்பிக்கும். அதுதான் காரை. இறுகியதை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. தினமும் தேய்க்கச் சொல்வது இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேய்ப்பவர், கல்லான பிறகு அதற்குப் பாலிஷ் போடுகிறார், அவ்வளவுதான்.

பழுப்பாகத் தெரியும் காரையை விட, அதன் சொரசொரப்பில் தொற்றிக்கொண்டு ஈறுக்கடியில் இறங்கும் பாக்டீரியாக்கள்தான் ஆபத்தானவை. அவற்றை எதிர்க்க உடல் நடத்தும் சண்டையில் முதலில் ஈறு சிவந்து வீங்கும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் முழுமையாக மீண்டுவிடும். சண்டை நீண்டால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. "நாய் வாய் என்றால் நாறத்தானே செய்யும்" என்பார்கள். அந்த நாற்றத்தில் பெரும்பங்கு ஈறுக்கடியில் இருக்கும் பாக்டீரியாக்கள் வெளியிடும் கந்தகச் சேர்மங்களுடையது. அதை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது.

சரி, வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அத்தனையையும் உள்ளும் புறமும் தேய்க்க யாரால் முடியும்? தேவையும் இல்லை. உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். எச்சில் சுரப்பியின் ஒரு பெரிய குழாய் மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறம் திறக்கிறது. காரை அதிகம் கட்டுவதும் அங்கேதான். நேரம் குறைவென்றால் அந்தப் பற்களின் வெளிப்பக்கத்தை மட்டுமாவது தேய்க்கலாம். உதட்டை லேசாகத் தூக்கி, மிருதுவான பிரஷ்ஷைச் சாய்வாக, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் வைத்துத் தேய்க்க வேண்டும். வாயை அகலத் திறக்க வைத்தால்தான் மல்லுக்கட்டு ஆரம்பிக்கும். முதல் சில நாட்கள் பிரஷ்ஷே வேண்டாம், விரலால் ஈறைத் தடவிப் பழக்கினால் போதும்.

நம்முடைய பேஸ்ட் கண்டிப்பாகக் கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, போட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகும். சில பேஸ்ட்டுகளில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சைலிட்டால், நாயின் உடலில் இன்சுலினை எக்கச்சக்கமாகச் சுரக்கவைத்து ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். கல்லீரலும் பழுதாகலாம். உயிருக்கே ஆபத்து. நாய்களுக்கென்றே இறைச்சிச் சுவையில் வரும் பேஸ்ட்டை வாங்கலாம். என்னைக் கேட்டால் அதில் பாதி லஞ்சம்தான். அழுக்கை எடுப்பது பிரஷ்ஷின் உராய்வு. பேஸ்ட்டை நக்கும் ஆசையில் நாய் தானாக வந்து நிற்கிறதே, அது பெரிய லாபம்.

எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்ற நம்பிக்கை பல்லை உடைப்பதில் முடியலாம். நாயின் எனாமல் நம்முடையதை விட மெல்லியது. கெட்டியான எலும்பையோ மான்கொம்பையோ கடித்தால் மேல்தாடையின் அந்தப் பெரிய கடைவாய்ப்பல் சில்லு பெயர்ந்துவிடலாம். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழவில்லை என்றால் அது நாய்க்கு ஆகாது.

ஏற்கெனவே காரை கட்டியிருந்தால் வீட்டில் சுரண்டக் கூடாது. எனாமலில் கீறல் விழும், அடுத்த பிளேக் அந்தக் கீறலிலேயே உட்காரும். ஈறுக்கடியில் இருப்பதும் அப்படியே இருக்கும். அதை எடுக்க, மயக்க மருந்து கொடுத்துக் கால்நடை மருத்துவர்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஈறில் ரத்தம் கசிந்தாலும் முதலில் அவரிடம் காட்டிவிட்டு அப்புறம் பிரஷ்ஷை எடுக்கலாம். வலிக்கும் வாயில் தேய்த்தால் நாய் பிரஷ்ஷைக் கண்டாலே ஓடும்.

வலி இருந்தால் நாய் சாப்பிடாமல் இருக்குமே என்று காத்திருக்கவும் வேண்டாம். பல்வலியோடும் தட்டைக் காலி செய்கிற நாய்கள் ஏராளம். இரண்டு பக்க உதட்டையும் தூக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் காரை தடித்திருந்தால், அந்தப் பக்கம் வலிப்பதால் நாய் மறுபக்கமாகவே மென்றுகொண்டிருக்கலாம்.