பிள்ளைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்கிறீர்கள். உங்கள் பிள்ளை, உங்கள் விருப்பம், சரி. என் கிளினிக்கில் பக்கத்து நாற்காலியில் இருந்த பிள்ளை?

ஏழு மாதக் குழந்தை. நான்கு நாள் காய்ச்சல், சிவந்த கண், காதுக்குப் பின்னால் தொடங்கி முகத்துக்கு இறங்கிய தடிப்பு. தட்டம்மை, கூடவே நிமோனியா. "எங்கேயும் போகலையே டாக்டர், ரெண்டு வாரம் முன்னாடி சளிக்கு உங்ககிட்ட வந்ததோடு சரி" என்றார் அம்மா. ஏட்டைப் புரட்டினேன். அன்று மாலை அவர்களுக்கு முன்னால் வந்தவன் காய்ச்சலும் இருமலுமாக ஒரு மூன்று வயதுப் பையன். ஒரு தடுப்பூசியும் போடாதவன். மறுநாள் தடிப்பு வந்ததும் அம்மை என்று வீட்டோடு வைத்துக்கொண்டார்களாம், எனக்குச் சொல்லவில்லை. தட்டம்மையின் முன் அடையாளமாக, அன்றே கன்னத்தின் உட்புறம் உப்பு தூவினாற்போல் வெண்புள்ளிகள் இருந்திருக்கும். தொண்டைக்கு டார்ச் அடித்த நான் கன்னத்தைப் பார்க்காமல் விட்டேன். அது என் தவறு.

"யார் டாக்டர் அந்தப் பிள்ளை?" என்று கேட்டார். சொல்லவில்லை. குழந்தை ஆறு நாள் ஆக்சிஜனில் இருந்து வீடு திரும்பியது.

பையனின் அப்பா படித்தவர். முன்பு ஒருமுறை ஊசி பற்றிக் கேட்டபோது, போனில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினார். 2022 மே 2-ஆம் தேதி, கொரோனா தடுப்பூசி வழக்கில் வந்தது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, தன் உடம்பின் மீதான உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடக்கம். எனக்கும் முழுச் சம்மதம். கையைப் பிடித்து இழுத்துக் குத்துவதற்கா டாக்டருக்குப் படித்தேன்? ஆனால் பொதுச் சுகாதாரத்துக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வாட்ஸப்பில் அந்தப் பாதி வரவில்லை போலிருக்கிறது.

அவர் கேட்ட இன்னொரு கேள்விதான் எனக்கு எரிச்சல். "மத்த பிள்ளைங்கதான் ஊசி போட்டிருக்காங்களே, என் பிள்ளையால அவங்களுக்கு என்ன ஆகப்போகுது?" வாரம் இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் மறுபடி முதலிலிருந்து. சரி, சொல்கிறேன். அரசு அட்டவணையில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முதல் தவணை 9 மாதம் முடிந்த பிறகுதான். முன்கூட்டியே போட்டால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியைச் சரியாகப் பிடிக்கவிடாது. அந்தச் சக்தியும் மாதங்கள் போகப் போகக் கரைந்துவிடும். அப்போது ஏழு மாதக் குழந்தைக்கு எது காவல்? முதல் தவணை போட்டவர்களிலும் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு அது பிடிப்பதில்லை. அதற்காகத்தான் 16-லிருந்து 24 மாதத்துக்குள் இரண்டாவது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த ஊசியைப் போடவே கூடாது. இவர்களுக்கெல்லாம் சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசிதான் வேலி. தட்டம்மைக் கிருமி, இருமியவர் எழுந்துபோன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அறைக்காற்றில் நிற்கும். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். நூற்றுக்கு 95 பேராவது போட்டிருந்தால்தான் வேலி நிற்கும்.

அப்புறம், தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பயம். 1998-ல் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது அது; கட்டுரையை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதில் பேச வேறொன்றுமில்லை.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. தடுப்பூசி அட்டையைப் பிடுங்கி, "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தே?" என்று வரிசையில் நிற்க வைத்துக் கத்தினால், அந்தப் பெண் அடுத்த புதன்கிழமை வரமாட்டாள். 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் இதே ஊசியைப் போட்டபோது வாட்ஸப் வதந்தி எங்களை முந்திக்கொண்டது. இப்போதெல்லாம் நான் "எதுக்குப் பயப்படுறீங்க?" என்று மட்டும்தான் கேட்கிறேன். பலர் சொல்வது: "ஒன்றரை மாச ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி பூரா அனலாக் கொதிச்சுது, வரும்னு யாருமே சொல்லலை." நியாயமான கோபம். நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

யோசிக்க நேரம் வேண்டுமா, எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகத்தை நேரில் வந்து கேளுங்கள். அட்டையைத் தொலைக்காதீர்கள். தவணை தப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசிக்குக் காசு கிடையாது. அம்மை வந்தால் வாசலில் வேப்பிலை செருகுங்கள், கூழும் ஊற்றுங்கள். டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும்.

ஊசியே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களிடம் ஒரு கெஞ்சல். பிள்ளைக்குக் காய்ச்சலும் கண் சிவப்பும் இருந்தால், உள்ளே வந்து உட்கார வேண்டாம். வாசலிலிருந்து ஒரு போன் போடுங்கள். ஸ்டெதஸ்கோப்போடு நானே உங்கள் வண்டிக்கு வந்து பார்க்கிறேன்.